ரேடியோ ஸ்டேஷன் கேட்டில் சம்சாரிக்கு 'தடா'... ஆபத்து வருவது எந்த வழியாக?

குளத்தூர்:

கரிசல் காட்டு சம்சாரிக்கும் ரேடியோவுக்கும் உள்ள பந்தம் இன்று நேற்று வந்தது அல்ல. குளத்தூர், விளாத்திகுளம், எட்டயபுரம், கோவில்பட்டி பக்கம் மானாவாரிதான் பிழைப்பு. மழை எப்போ வரும், உளுந்துக்கு என்ன மருந்து அடிக்கலாம், மிளகாய்க்கு என்ன நோய், மக்காச்சோளத்துல புழு விழுந்தா என்ன செய்யலாம் என்று டிரான்சிஸ்டரை காதோடு வைத்துக் கேட்டவர்கள் இன்றும் ஊருக்கு நாலு பேர் இருக்கத்தான் செய்கிறார்கள்.

ஆனால் அந்த ரேடியோ ஸ்டேஷன் வாசலுக்கு நேரில் போனால் கதை வேறு. "அண்ணாச்சி, யாரப் பாக்கணும்? லெட்டர் இருக்கா? அடையாள அட்டை எங்க? பையில என்ன?" என்று கேட்டிலேயே கேள்வி மேல் கேள்வி. வேட்டி சட்டையோடு, கையில் ஒரு மஞ்சப்பையோடு வந்தவர் மிரண்டு போய் திரும்பி பஸ் ஏறி விடுகிறார்.

ரேடியோ ஸ்டேஷனுக்கு இத்தனை காவல் எதற்கு? இது தேவையா, அல்லது வீண் கெடுபிடியா? காவல் போட்ட இடங்களில் ஆபத்து நின்றதா? அங்கே வேலை பார்க்கும் செக்யூரிட்டி அண்ணனுக்கு என்ன அதிகாரம்? இதோ ஒரு அலசல்:-

நம்ம ஊர் ரேடியோ

சென்னை வானொலி நிலையம் 1938-ம் ஆண்டு ஜூன் 16-ந்தேதி தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டே, 1939-ல் திருச்சி நிலையம் வந்தது. தென்கோடி மக்களுக்கு என்று 1963-ல் திருநெல்வேலி வானொலி நிலையம் பாளையங்கோட்டையில் தொடங்கப்பட்டது. நாகர்கோவிலில் 1984-ல் நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் வந்தது. தூத்துக்குடியில் கடல் கடந்து இலங்கைக்கும் கேட்கும்படி 200 கிலோவாட் சக்தி உள்ள டிரான்ஸ்மிட்டர் நிறுவப்பட்டது. பிறகு சூரியன், ஹலோ என்று தனியார் எப்.எம்.களும் நெல்லை, தூத்துக்குடிக்கு வந்தன.

சம்சாரிகளுக்கு ரேடியோ என்ன செய்தது என்பதற்கு ஒரே ஒரு உதாரணம் போதும். 1960-களில் தஞ்சை மாவட்டத்தில் ஏ.டி.டி. 27 என்ற புது நெல் ரகம் வந்தது. அதைப் பற்றி திருச்சி வானொலி விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தது. விவசாயிகள் அந்த ரகத்துக்கு வைத்த பெயரே 'ரேடியோ நெல்'! 1966-ல் இருந்து நிலையங்களில் விவசாய நிகழ்ச்சிகளுக்கு என்று தனிப் பிரிவே தொடங்கப்பட்டது.

இந்த நிகழ்ச்சிகள் ஏ.சி. ரூமில் உட்கார்ந்து எழுதிப் படித்தவை மட்டும் அல்ல. விவசாயி ஸ்டூடியோவுக்கு வந்து பேசினார். வில்லுப்பாட்டுக்காரர் குழுவோடு வந்து பாடினார். கல்லூரி மாணவர்கள் 'இளைய பாரதம்' நிகழ்ச்சிக்கு வந்து போனார்கள். அதாவது வெளியாள் உள்ளே வந்தால்தான் ரேடியோவுக்கே உயிர். கேட் சாத்தினால் மைக் முன்னாடி பேச ஆள் ஏது?

பூட்டு எதற்கு?

"பாட்டு போடுற இடத்துக்கு எதுக்குய்யா போலீஸ் காவல்?" என்று கேட்பவர்கள் உண்டு. காரணம் இருக்கிறது.

ஒரு நாட்டில் ஆட்சியைக் கவிழ்க்க நினைப்பவன் முதலில் போகும் இடங்களில் ஒன்று ரேடியோ ஸ்டேஷன். 1975-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந்தேதி வங்காளதேசத்தில் ஷேக் முஜிபுர் ரகுமான் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தச் செய்தியை டாக்கா ரேடியோவில் அறிவித்தது செய்தி வாசிப்பாளர் அல்ல, ஒரு ராணுவ மேஜர். மைக் யார் கையிலோ அவர் சொன்னதுதான் அன்றைக்கு நாட்டுக்கே செய்தி.

சட்டமும் இதை உணர்ந்துதான் எழுதப்பட்டது. வெள்ளைக்காரன் காலத்தில் 1923-ல் வந்த அரசு ரகசிய பாதுகாப்பு சட்டத்தில், அரசுக்குச் சொந்தமான வயர்லெஸ் நிலையங்கள் 'தடை செய்யப்பட்ட இடம்' பட்டியலில் சேர்க்கப்பட்டுள்ளன. அந்தச் சட்டம் இன்றும் அமலில் உள்ளது என்பது குறிப்பிடத்தக்கது.

இன்னொரு காரணம் யாரும் அதிகம் பேசாதது. மீடியம் வேவ் டிரான்ஸ்மிட்டர் உள்ள இடத்தில் வானத்தைத் தொடுகிற மாதிரி நிற்கிறதே இரும்பு கோபுரம், அது சும்மா ஆண்டெனாவைத் தாங்கும் கம்பம் அல்ல. பல இடங்களில் அந்தக் கோபுரமேதான் ஆண்டெனா. ஒலிபரப்பு நடக்கும்போது அதில் சக்தி ஓடிக்கொண்டே இருக்கும். தரையில் நின்றபடி அதைத் தொட்டால் உடம்பு கருகி விடும். ஆடு மேய்க்கப் போகும் சின்னப் பயல்கள் வேலி தாண்டி உள்ளே போனால் உயிருக்கே ஆபத்து. ஆக, அங்கே வேலி போட்டிருப்பது அவர்களை அவமதிக்க அல்ல, காப்பாற்ற.

ரத்தம் சிந்திய நிலையங்கள்

இந்தியாவில் ரேடியோ, டி.வி. நிலையங்களில் காவல் இறுகியதற்குப் பின்னால் ரத்தக் கறை இருக்கிறது.

காஷ்மீரில் 1990-ம் ஆண்டு பிப்ரவரி 13-ந்தேதி ஸ்ரீநகர் தூர்தர்ஷன் இயக்குனர் லஸ்ஸா கவுல் தீவிரவாதிகளால் சுட்டுக் கொல்லப்பட்டார். பஞ்சாபில் ரேடியோ, டி.வி.யில் எந்த மொழி ஒலிக்கணும் என்று தீவிரவாதிகள் மிரட்டல் விடுத்த காலம் அது. 1990 டிசம்பரில் சண்டிகர் வானொலி நிலைய இயக்குனர் ஆர்.கே.தாலிப் கொல்லப்பட்டார். 1992 மே மாதம் பாட்டியாலா வானொலி நிலைய இயக்குனர் எம்.எல்.மஞ்சந்தா கடத்தப்பட்டு கொடூரமாகக் கொல்லப்பட்டார். 2003 ஏப்ரலில் ஸ்ரீநகர் வானொலி நிலைய வாசலில் தீவிரவாதிகள் கார் குண்டு தாக்குதல் நடத்தினார்கள். காவலில் இருந்த எல்லை பாதுகாப்பு படை வீரர்கள் உயிரைக் கொடுத்து அவர்களைத் தடுத்தார்கள்.

2003 சம்பவத்தைப் பாருங்க. வாசலில் காவல் இருந்ததால் நிலையம் தப்பியது. அதனால் 'காவலே வேண்டாம்' என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் லஸ்ஸா கவுலை எங்கே வைத்து சுட்டார்கள் தெரியுமா? அலுவலகத்தில் அல்ல. அவருடைய வீட்டுக்கு அருகே! கேட்டில் நூறு போலீஸ் நின்றாலும், வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் மனுஷனுக்கு என்ன பாதுகாப்பு என்ற கேள்விக்கு அங்கே பதில் இல்லை.

கடலுக்கு அந்தப் பக்கம்

நம்ம கடற்கரைக்கு நேர் எதிரே இருக்கும் இலங்கையில் நடந்ததைப் பார்த்தால் இன்னும் பல விஷயம் புரியும். குளத்தூர், வேம்பார் பக்கம் அந்தக் காலத்தில் காலையில் எழுந்ததும் இலங்கை வானொலியைத்தான் திருப்புவார்கள். அதனால் அங்கே நடந்தது நமக்கு அந்நியம் அல்ல.

2000-ம் ஆண்டு அக்டோபர் 19-ந்தேதி இரவு. யாழ்ப்பாணத்தில் ஊரடங்கு. பி.பி.சி. தமிழ், சிங்கள சேவைகளுக்கு செய்தி கொடுத்து வந்த மயில்வாகனம் நிமலராஜன் தன் வீட்டில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியாக அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வீட்டுக்குள் கையெறி குண்டும் வீசினார்கள். அவர் வீடு இருந்தது உயர் பாதுகாப்பு பகுதியில். சுற்றிலும் ராணுவ சோதனைச் சாவடி. ஊரடங்கு வேறு. ஆனாலும் கொலையாளி வந்தான், போனான்.

2007-ம் ஆண்டு நவம்பர் 27-ந்தேதி கிளிநொச்சியில் 'புலிகளின் குரல்' வானொலி நிலையத்தின் மீது இலங்கை விமானப்படை குண்டு வீசியது. ஊழியர்கள் உள்பட பலர் பலியானார்கள். வானத்தில் இருந்து விழும் குண்டுக்கு கேட் பாஸ் கேட்க முடியுமா?

சரியாக ஒரு மாதம் கழித்து, அதே 2007 டிசம்பர் 27-ந்தேதி கொழும்பில் இன்னொரு கூத்து. அரசு டி.வி.யான ரூபவாகினி அலுவலகத்துக்குள் மந்திரி மேர்வின் சில்வா தன் ஆட்களோடு புகுந்தார். தன் பேச்சை ஒளிபரப்பவில்லை என்று ஆத்திரம். செய்திப் பிரிவு இயக்குனர் தாக்கப்பட்டார். கொதித்துப் போன ஊழியர்கள் மந்திரியை ஒரு அறையில் அடைத்து வைத்து, நடப்பதை நேரடியாக ஒளிபரப்பி விட்டார்கள்! கடைசியில் காயத்தோடு பாதுகாப்பு படையினர் துணையோடு மந்திரி வெளியே போனார்.

2009 ஜனவரி 6-ந்தேதி அதிகாலை கொழும்புக்கு அருகே பன்னிப்பிட்டியில் உள்ள சிரச நிறுவன ஸ்டூடியோவில் முகமூடி போட்ட ஆயுத கும்பல் புகுந்தது. காவலாளிகளை மிரட்டி மடக்கி விட்டு, கட்டுப்பாட்டு அறையைக் குண்டு வைத்து நொறுக்கியது. தமிழ் நேயர்களுக்குப் பழக்கமான சக்தி எப்.எம். இதே குழுமத்தைச் சேர்ந்ததுதான். 2010 ஜூலையில் கொழும்பில் சியத நிறுவனத்தில் கும்பல் புகுந்து தீ வைத்தது.

2022 ஜூலை 13-ந்தேதி ஜனாதிபதி கோத்தபய ராஜபக்சே நாட்டை விட்டு ஓடிய அன்று, போராட்டக்காரர்கள் ரூபவாகினிக்குள் நுழைந்தார்கள். கொஞ்ச நேரம் ஒளிபரப்பே நின்றது.

இந்தச் சம்பவங்களில் ஒன்றிலாவது பஸ் ஏறி வந்த சாதாரண நேயர் குற்றவாளியா? இல்லை. வந்தவர்கள் யார்? அதிகாரத்தில் இருந்தவர், ஆயுத கும்பல், விமானப்படை, ஆட்சி மேல் கோபம் கொண்ட கூட்டம். வாசல் காவலாளி நோட்டில் கையெழுத்து வாங்கி நிறுத்தக்கூடிய ஆட்கள் இதில் யாரும் இல்லை. மந்திரி கார் வந்தால் எந்த செக்யூரிட்டி "அடையாள அட்டை காட்டுங்க சார்" என்று கேட்பார்?

'நேயர்' என்று சொல்லி வந்தவன்

அப்படியானால் நேயர் வேஷத்தில் ஆபத்தே வராதா? வரும். வந்திருக்கிறது.

பிலிப்பைன்ஸ் நாட்டில் 2023-ம் ஆண்டு நவம்பர் 5-ந்தேதி ஜுவான் ஜுமாலோன் என்ற ரேடியோ அறிவிப்பாளர் தன் வீட்டிலேயே இருந்த ஸ்டூடியோவில் நிகழ்ச்சி நடத்திக்கொண்டிருந்தார். ஒருவன் வந்து "நான் உங்க நேயர், ரேடியோவுல ஒரு அறிவிப்பு சொல்லணும்" என்று சொல்லி உள்ளே நுழைந்தான். நேராகப் போய் அவரைச் சுட்டுக் கொன்றான். கழுத்தில் கிடந்த தங்கச் சங்கிலியையும் பறித்துக்கொண்டு ஓடினான். நிகழ்ச்சி பேஸ்புக்கில் நேரலையாக ஓடிக்கொண்டிருந்ததால் உலகமே பார்த்து உறைந்து போனது.

இங்கே ஒன்றைக் கவனிக்கணும். நேயர் வீட்டு வாசலுக்கு வந்தது தப்பு இல்லை. வாசலுக்கும் மைக்குக்கும் நடுவில் வேறு தடுப்பே இல்லாமல் போனதுதான் அவர் உயிரைக் குடித்தது. பெரிய நிலையத்துக்கும் இதே கணக்குதான். ஆளை உள்ளே விடலாமா கூடாதா என்பது பாதிக் கேள்வி. எதுவரை விடலாம் என்பதுதான் மீதிப் பாதி.

கலெக்டர் ஆபீஸ் சொல்லும் பாடம்

இதற்கு வெளிநாடு வரை போகவேண்டாம். 2017-ம் ஆண்டு அக்டோபர் 23-ந்தேதி நெல்லை கலெக்டர் அலுவலகத்தில் நடந்ததை யாரால் மறக்க முடியும்? கந்துவட்டிக் கொடுமையால் ஒரு கூலித் தொழிலாளி குடும்பமே மக்கள் குறைதீர்க்கும் நாளில் தீக்குளித்தது. கணவன், மனைவி, 2 பச்சைக் குழந்தைகள் என 4 பேரும் இறந்தார்கள். பல தடவை மனு கொடுத்தும் நடவடிக்கை இல்லை என்ற வேதனையில்தான் அந்த முடிவுக்குப் போனார்கள்.

அதன் பிறகு என்ன நடந்தது? திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் போகிற எல்லோருக்கும் தெரியும். பையைத் திறந்து சோதனை. தண்ணீர் பாட்டிலைத் திறந்து மோந்து பார்க்கிறார்கள். அந்தச் சோதனையில் மண்எண்ணெய் பாட்டிலோடு பிடிபட்டு உயிர் தப்பியவர்கள் உண்டு. அதை நாம் குறை சொல்லக்கூடாது.

ஆனால் பாட்டிலை வாசலில் பிடுங்கி விடலாம். பாட்டில் தூக்க வைத்த பிரச்சினையை வாசலில் பிடுங்க முடியுமா? உள்ளே மனுவைப் படித்து முடிவு சொன்னால்தானே அது தீரும்? கேட் காவலால் முடிந்தது பாதி வேலை. மீதி வேலை உள்ளே இருக்கிற அதிகாரிகள் கையில்.

ரேடியோ ஸ்டேஷனுக்கும் இது பொருந்தும். 'எங்க ஊர் பிரச்சினையை ரேடியோவுல சொல்லுங்க' என்று வருகிறவனை பேசக்கூட விடாமல் விரட்டினால், அவன் கோபம் கேட்டோடு நின்று விடாது.

செக்யூரிட்டி அண்ணன் நிலைமை

இந்தக் கதையில் யாரும் நினைத்துப் பார்க்காத ஒருத்தர் இருக்கிறார். கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி. கரிசல் மண்ணில் மழை பொய்த்தால் சம்சாரி எங்கே போவார்? தீப்பெட்டி ஆபீஸ், மில், இல்லாவிட்டால் சென்னை, கோவை, திருப்பூரில் செக்யூரிட்டி வேலை. 'உள்ளே விடமாட்டேங்கிறான்' என்று நாம் திட்டுகிற அந்த ஆள், பக்கத்து ஊர் சம்சாரி மகனாகவே இருக்கலாம்.

பெரும்பாலும் ஏஜென்சி மூலம் வரும் ஒப்பந்த வேலை. பல இடங்களில் 12 மணி நேர ஷிப்ட். உட்கார ஒரு நாற்காலி, வெயிலுக்கு ஒரு ஷெட், அவசரத்துக்கு ஒரு கழிப்பறை இருந்தால் அதிர்ஷ்டம். தப்பான ஆளை உள்ளே விட்டால் வேலை போகும். நல்ல ஆளைத் திருப்பி அனுப்பினால் யாரும் கேட்க மாட்டார்கள். அப்புறம் அவர் என்ன செய்வார்? எல்லோரையும் திருப்பி அனுப்புவார். தப்பு அவர் மேல் மட்டும் இல்லை. அவருக்கு யாரும் எழுத்துமூலம் விதி கொடுக்காததுதான் தப்பு.

சட்டம் என்ன சொல்கிறது?

2005-ம் ஆண்டு தனியார் பாதுகாப்பு ஏஜென்சிகள் ஒழுங்குமுறை சட்டப்படி:-

* ஏஜென்சி நடத்த அரசு லைசென்ஸ் கட்டாயம்.

* காவலாளிக்கு பயிற்சி கொடுத்துதான் வேலையில் நிறுத்தணும். மத்திய அரசின் மாதிரி விதிப்படி 100 மணி நேரம் வகுப்பு, 60 மணி நேரம் களப்பயிற்சி. முன்னாள் ராணுவத்தினர், போலீசாருக்கு மட்டும் குறைந்த நேரம்.

* போலீஸ், ராணுவம் போல யூனிபார்ம் போடக்கூடாது. மீறினால் தண்டனை உண்டு.

தனியார் காவலாளிக்கு போலீஸ் அதிகாரம் கிடையாது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 40-வது பிரிவுப்படி, ஜாமீனில் விட முடியாத பெரிய குற்றத்தைக் கண் முன்னே செய்கிறவனை எந்தக் குடிமகனும் பிடிக்கலாம். ஆனால் 6 மணி நேரத்துக்குள் போலீசிடம் ஒப்படைத்து விடணும். செக்யூரிட்டிக்கும் அவ்வளவுதான் அதிகாரம். அடிக்கவோ, ரூமில் அடைத்து வைக்கவோ, பையைப் பறித்து வைத்துக்கொள்ளவோ அவருக்கு உரிமை இல்லை. அதே நேரம், 'பையைக் காட்ட மாட்டேன்' என்று நாம் சொன்னால் 'உள்ளே விட மாட்டேன்' என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு. ரெண்டு பக்கமும் இதைத் தெரிந்து வைத்துக்கொண்டால் பாதி சண்டை குறையும்.

நோட்டில் எழுதும் செல் நம்பர்

கேட்டில் ஒரு நீள நோட்டு இருக்கும். பெயர், ஊர், செல் நம்பர், யாரைப் பார்க்கணும் என்று எழுதச் சொல்வார்கள். அந்த நோட்டு மேஜை மேல் திறந்தே கிடக்கும். அடுத்து வருகிறவன் சாவகாசமாக மேல் வரிகளைப் படிப்பான். ஒரு பெண் பிள்ளை எழுதிய நம்பர் யார் கையில் போய்ச் சேரும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? பாதுகாப்புக்காக வைத்த நோட்டே ஆபத்துக்கு வழி திறந்து விடக்கூடாது.

ஆதார் விஷயத்திலும் உஷார் தேவை. 2018 செப்டம்பர் 26-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு ஆதார் வழக்கில் தீர்ப்பு சொன்னது. தனியார் நிறுவனங்கள் ஆதாரைக் கேட்க வழி செய்த பிரிவை ரத்து செய்தது. ஓட்டர் அட்டை, டிரைவிங் லைசென்ஸ் என்று வேறு அட்டையைக் காட்டலாம். ஆதாரே காட்டணும் என்றால் கடைசி 4 எண் மட்டும் தெரியும் 'மாஸ்க்டு ஆதார்' காட்டலாம். ஜெராக்ஸ் காப்பியைக் கேட்டில் கொடுத்து விட்டு வருவதைத் தவிர்ப்பது நல்லது.

'பரிசு விழுந்திருக்கு' என்று போன் வந்தால்...

எப்.எம். போட்டிகளில் பரிசு விழுந்து, வாங்குவதற்கு ஆபீஸ் போகும் வாலிபர்கள், பெண்கள் நிறைய. சினிமா டிக்கெட்டோ, சேலையோ வாங்கப் போனாலும் அது அவர்களுக்கு ஒரு சந்தோஷம். 'நாம குரல்ல மட்டும் கேட்ட ஆளை நேர்ல பார்க்கலாமே' என்ற ஆசை.

இந்த ஆசையை வைத்து மோசடி செய்யும் கும்பலும் இருக்கிறது. "நாங்க ரேடியோல இருந்து பேசுறோம், உங்களுக்கு பைக் விழுந்திருக்கு, வரி மட்டும் முன்கூட்டியே கட்டுங்க, ஓ.டி.பி. சொல்லுங்க" என்றால் அது வலை. ஏமாந்து பணம் போய்விட்டால் ஒரு நிமிஷம்கூட தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு போன் போடணும். நிலையங்களும் பரிசு வாங்க எந்த நாள், எந்த நேரம், என்ன அட்டை கொண்டு வரணும் என்பதை ஒலிபரப்பிலேயே சொல்லி விட்டால், கேட்டில் கூட்டமும் குறையும், மோசடியும் குறையும்.

வெள்ளம் வந்தால் யார் குரல்?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, நெல்லை மாவட்டங்களில் கொட்டித் தீர்த்த மழையை நினைத்துப் பாருங்க. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் ரெயிலே நடுவில் நின்று பயணிகள் தவித்தார்கள். கரண்ட் இல்லை, பல இடங்களில் செல்போன் டவர் செத்துப் போனது. அந்த மாதிரி நேரத்தில் 2 பேட்டரி போட்ட ரேடியோதான் பேசும்.

ரேடியோ ஸ்டேஷனின் பாதுகாப்பு என்பது இதுதான். எந்தப் புயலிலும் குரல் நிற்கக்கூடாது. அதற்கு ஜெனரேட்டரில் டீசல் இருக்கணும். கட்டுப்பாட்டு அறைக்குள் தண்ணீர் புகக்கூடாது. ராத்திரி டூட்டிக்கு ஆள் வந்து சேர வண்டி இருக்கணும். உள்ளே வருகிற மஞ்சப்பையை மட்டும் சோதித்து விட்டு இதையெல்லாம் கோட்டை விட்டால் அதற்குப் பெயர் பாதுகாப்பு இல்லை.

நம்ம கிழக்கு கடற்கரை சாலைப் பக்கம் 2008 மும்பை தாக்குதலுக்குப் பிறகு கடலோர பாதுகாப்பு ஒத்திகை அடிக்கடி நடக்கிறது. போலீசாரே தீவிரவாதி வேஷத்தில் டம்மி குண்டோடு வருவார்கள், போலீசாரே பிடிப்பார்கள். குளத்தூர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. அதே போல ரேடியோ நிலையங்களிலும் வருஷத்துக்கு ஒரு தடவை தீ, வெள்ளம், அத்துமீறல் மூன்றுக்கும் ஒத்திகை நடத்தினால் என்ன குறைந்து போகும்?

என்ன செய்யலாம்?

வழி இல்லாமல் இல்லை. செலவும் அதிகம் இல்லை:-

* 3 அடுக்கு வேலி: முதல் அடுக்கு வாசல் மற்றும் வரவேற்பு அறை. இங்கே யார் வேண்டுமானாலும் வரலாம், பையைச் சோதித்து விட்டு உட்கார வைக்கணும். 2-வது அடுக்கு ஸ்டூடியோ. கடிதம் வந்தவர்கள், அழைக்கப்பட்டவர்கள் ஊழியர் துணையோடு மட்டும். 3-வது அடுக்கு கட்டுப்பாட்டு அறை, டிரான்ஸ்மிட்டர். அங்கே மந்திரியே வந்தாலும் அனுமதி இல்லை.

* நேயர் நேரம்: வாரத்தில் ஒரு நாள், 2 மணி நேரம், முன்அனுமதி இல்லாமல் வரும் கிராமத்து மக்களைச் சந்திக்க ஒரு அலுவலர் கீழே வந்து உட்காரணும்.

* தமிழில் போர்டு: யாரைப் பார்க்க என்ன வேண்டும், எந்த நேரம், எந்த போன் நம்பர் என்று கேட்டில் பெரிய எழுத்தில் எழுதி வைக்கணும். குளத்தூரில் இருந்து 2 பஸ் மாறி பாளையங்கோட்டை வருகிறவர் ஒரு நாள் கூலியை விட்டு விட்டு வருகிறார். அவரை "நாளைக்கு வாங்க" என்று சொல்வது சின்ன விஷயம் இல்லை.

* பெண்களைச் சோதிக்க பெண் காவலர் மட்டும்.

* வருகைப் பதிவு நோட்டை மூடி வைக்கணும். ஒருவருக்கு ஒரு சீட்டு என்று கொடுத்தால் இன்னும் நல்லது.

* காவலாளிக்கு பயிற்சி, 8 மணி நேர வேலை, சம்பள சீட்டு. தூக்கக் கலக்கத்தில் நிற்கும் காவலாளி யாருக்கும் பாதுகாப்பு கிடையாது.

* அறிவிப்பாளர்கள் ராத்திரி வீடு திரும்ப வண்டி வசதி. காஷ்மீரும் யாழ்ப்பாணமும் சொல்லும் பாடம் இதுதான்.

அகில இந்திய வானொலி 1997-ல் இருந்து பிரசார் பாரதி என்ற பொது நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது. அதனால் தகவல் உரிமை சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தில், 'பார்வையாளர் அனுமதிக்கு உங்க நிலையத்தில் என்ன விதி?' என்று யாரும் எழுதிக் கேட்கலாம். 30 நாளில் பதில் வரணும். எழுத்தில் விதி இருந்தால் அதைக் காட்டி உள்ளே போகலாம். இல்லை என்று பதில் வந்தால் 'அப்புறம் எதை வைத்து எங்களை நிறுத்துறீங்க?' என்று கேட்கலாம்.

காவல் வேண்டும். அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த மைக் மக்கள் வரிப் பணத்தில் வாங்கியது. மழை பெய்யுமா என்று வானத்தைப் பார்த்து, பிறகு ரேடியோவைப் பார்த்து விதைத்த சம்சாரிக்கு அந்த வாசலில் உட்கார ஒரு நாற்காலி, குடிக்க ஒரு சொம்பு தண்ணீர், "சொல்லுங்க அண்ணாச்சி, என்ன விஷயமா வந்தீங்க?" என்று கேட்க ஒரு ஆள் இருக்கணும். அதிகாரிகள் கவனிப்பார்களா?